சத்தம் போடாத வெள்ளைக் கார்

நீங்கள் கார் வாங்கப் போவதாக வாசலில் ஏட்டையாவிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது, சார். பெட்ரோல் செடானா, பெரிய மின்சாரக் காரா என்று உங்களுக்குக் குழப்பம். இந்த விஷயத்தில் நீங்கள் சரியான ஆளைத்தான் பிடித்து வைத்திருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே காலையில் ஓட்டிப் பார்த்தவன் நான்.

என் வேலை அப்படி. எண்ணூருக்கு வடக்கே, கப்பலேறப் போகும் புதுக் கார்கள் நிற்கும் யார்டில் டிரைவர். சாவியை வாங்கிக்கொண்டு யார்டிலிருந்து கப்பலின் வயிற்றுக்குள் ஓட்டிப் போய் நிறுத்த வேண்டும். வேன் வந்து எங்களைத் திரும்ப அள்ளிக்கொண்டு போகும். மறுபடியும் ஒரு கார். இத்தனை வருடத்தில் எந்தக் காரிலும் பெரிய தூரம் போனதில்லை. ஆனால் சீட்டின் மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத வண்டியில் முதலில் உட்காருவது நான்தான். கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர், தான்தான் முதல் ஆள் என்று நினைத்துப் பூரித்துப் போவார். அதை நினைத்தால் எனக்குத் தினமும் சிரிப்பு வரும்.

செடானை முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல வண்டி. மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லிவிடும். முடுக்கினால் உறுமும், விட்டால் முனகும். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் அது எங்கே வருகிறது, என்ன நினைக்கிறது என்று தெரிந்துவிடும். குடும்பஸ்தருக்கு அதுதான் பாதுகாப்பு.

மின்சாரக் கார் வேறு ஜாதி. அன்றுதான் எங்கள் யார்டுக்கு முதல் தடவையாக வந்திருந்தது. எல்லாம் வெள்ளை. கூரை முழுக்கக் கண்ணாடி. நான் ராயபுரத்தில் பிறந்தவன், சார். டிரெய்லர் லாரி, கூட்ஸ் ரயில், ஹார்பர் சங்கு, சர்ச் மணி, இதில் ஏதாவது ஒன்று கேட்காமல் நான் கண் விழித்ததே இல்லை. அந்தக் காரில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். காதுக்குள் இருந்த ராயபுரம் அணைந்துவிட்டது. ஆக்சிலரேட்டரில் காலை லேசாக வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. நான் அசையவில்லை, உலகம்தான் பின்னால் நழுவிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கூரை வழியே ஒரு பருந்து என்னோடு வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். காதலிப்பவர்களுக்கென்றே செய்த வண்டி.

காதல் என்று சொன்னதால் மங்கையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தாமோதரனின் மனைவி. தாமோதரன் கப்பலுக்குள் எங்களுக்கு இடம் காட்டி நிறுத்துகிற ஆள், நெட்டுக்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, என் நெருங்கிய நண்பன். கப்பலுக்குள் முன் வண்டிக்கும் பின் வண்டிக்கும் நடுவே ஒரு கைமுட்டி நுழைகிற இடம்தான் விடுவோம். மற்ற ஆட்கள் எங்களைப் பார்த்தபடி கையாட்டுவார்கள். தாமோதரன் முதுகைக் காட்டிக்கொண்டு, முன்னால் நிற்கும் காரின் பம்பரையே பார்த்துக்கொண்டு இடது கையைத் தூக்கி வைத்திருப்பான். எஞ்சின் சத்தத்தை வைத்தே தூரம் அளப்பான். கை முட்டியாக மூடினால் நிறுத்த வேண்டும், கடைசி நொடியில் பக்கவாட்டில் நழுவிவிடுவான். பனி மூடிய முகத்துவாரத்தில் படகுகளைச் சத்தத்தால் அடையாளம் கண்டு வளர்ந்தவன்.

"திரும்பிப் பாருடா, ஒரு நாளைக்கு எவனாவது ஏத்திடப் போறான்," என்று நானே சொல்லியிருக்கிறேன்.

"இன்னாத்துக்குப் பாக்கணும் மாமு? அதான் கத்திகினு வருதே," என்பான்.

மத்தியானம் சேர்ந்துதான் சாப்பிடுவோம். அவன் டப்பாவில் வறுத்த மீன் சினை இருக்கும். அவனுக்குச் சினை பிடிக்காது. கணவனுக்குப் பிடிக்காததை ஒரு பெண் ஏன் தினம் வறுத்து வைக்க வேண்டும்? எனக்குப் புரிந்த நாளில் திருவொற்றியூர் வரைக்கும் பஸ் ஏறாமல் நடந்தே போனேன். கால் தரையில் படவில்லை. தாமோதரன் மட்டும், "உனுக்கோசரம் நான்தான் போடச் சொன்னேன், துன்னு மாமு," என்று சொல்லிக்கொண்டிருப்பான். விஷயம் தெரிந்த எந்தக் கணவனும் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அப்படித்தான் சொல்வான். நான் அவனைச் சங்கடப்படுத்தவில்லை.

இன்றைக்கு முன்னால் அவளை ஒரே ஒரு தடவைதான் நேரில் பார்த்திருக்கிறேன், அவர்கள் குப்பத்துத் திருவிழாவில். கூட்டம் கூட்டமாக ஆட்கள் சாப்பிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். மங்கை கையில் குழம்புச் சட்டியோடு என்னைத் தாண்டும்போது, "குந்துண்ணா, துன்னுட்டுத்தான் போவணும்," என்றாள். அண்ணன் என்றாள். நீங்கள் சிரிக்கிறீர்கள். கணவன் பக்கத்தில் நிற்கும்போது வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவாள்? அந்தச் சிரமத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டோமே என்று எனக்குத்தான் வருத்தமாக இருந்தது.

போன மாதம் தாமோதரன் சாப்பிடும்போது சொன்னான். "தூத்துக்குடி ஹார்பர்ல வேலை கெடச்சிடுச்சு மாமு. வூட்டக் காலி பண்ணிகினு கெளம்பறோம்."

"அப்ப எனக்குச் சாப்பாடு?" என்றேன்.

"டேய், பாருங்கடா, எம் பொண்டாட்டி சமையலுக்குக் கண்ணு கலங்கறான். சீக்கிரம் ஒரு கல்யாணத்த பண்ணிக்க நைனா, பேஜாரு பண்ணாத."

சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், மனம் இங்கே இருக்கிற பெண்ணை அவ்வளவு தூரம் கொண்டுபோவது எவ்வளவு பெரிய கொடுமை. அவள் வாய் திறந்து கேட்க முடியாது. நான்தான் செய்ய வேண்டியிருந்தது.

அதன் பிறகு எனக்கு ஒரே கொண்டாட்டம். மின்சாரக் கார்கள் வருகின்றன என்று தெரிந்ததிலிருந்து, உங்களைப் போலவே நானும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். செடானில் போனால் அவன் காதுக்குத் தெரிந்துவிடும், நழுவிவிடுவான். மின்சாரக் காரில் மெதுவாகப் போகும்போது சட்டத்துக்காக ஒரு சின்ன ரீங்காரம் வைத்திருக்கிறார்கள். கப்பலுக்குள் காற்றாடிகள் போடும் இரைச்சலில் அது கொசு மாதிரிதான். குறுக்கே ஆள் வந்தால் தானே பிரேக் போடுகிற வசதியும் அதில் உண்டு. ஆனால் வாங்கியவர் கைக்குப் போகும் வரை அதை உறங்க வைத்திருப்பார்கள். விழித்திருந்தால் எனக்கு ஒத்துழைத்திருக்காது. அந்த அளவுக்கு நல்ல வண்டி.

அந்த வெள்ளைக் கார்கள் ஏற வேண்டிய அன்று காலை சூப்பர்வைசர் ஞானம் எல்லோரையும் கூப்பிட்டு, மின்சாரக் காருக்குச் சத்தம் வராது, இடம் காட்டுகிறவர்கள் வண்டியைப் பார்த்தபடி ஓரமாகத்தான் நிற்க வேண்டும் என்றார். தாமோதரன் அதற்குள் கப்பலுக்குள் போயிருந்தான்.

"உன் தோஸ்து மேல கீறான். நீ சொல்லிடு ஜெரால்டு," என்றார்.

"சொல்லிட்றேண்ணா," என்றேன்.

முதல் நடை எனக்கு செடான். தாமோதரனின் கை மூடியது, நிறுத்தினேன். கைமுட்டி இடைவெளி, ஒரு நூல் பிசகவில்லை. இறங்கியதும் கேட்டான். "எலெக்ட்ரிக் வண்டி வந்துகீதாமே, எப்ப ஏத்தறாங்க?"

"அது மத்தியானம். காலைல பூரா இந்த செடான்தான்," என்றேன்.

யார்டுக்குத் திரும்பினால் வெள்ளைக் காரின் சாவி இன்னொரு டிரைவர் ஹென்றி கையில் இருந்தது. எனக்குக் கொடு, ஆசையாக இருக்கிறது என்றேன். "எட்துக்கோ, எனுக்கு அத ஸ்டார்ட் பண்ணவே தெர்ல," என்று கையில் திணித்துவிட்டுப் போனான். எல்லாமே என் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தன, சார். அப்படி ஒரு காலை வாழ்க்கையில் ஒரு முறைதான் வரும்.

சரிவில் ஏறி, விளக்குகள் வரிசையாக எரியும் தளத்துக்குள் மிதந்து போனேன். அவன் முதுகு தெரிந்தது. இடது கை உயர்ந்திருந்தது. வரப் போகிற சத்தத்துக்காகக் காத்திருந்தான். நான் கிட்டே போய்விட்டேன். அப்போது அவன் திரும்பினான். ஏன் என்று தெரியவில்லை, வியர்வையைத் துடைக்கவாக இருக்கலாம். கண்ணாடி வழியே என்னைப் பார்த்தான். ஒதுங்க இடமும் இருந்தது, நேரமும் இருந்தது. ஓட்டுவது நான் என்று தெரிந்ததும் சிரித்தான். ஒதுங்காமல், நிறுத்து என்று முட்டியை மூடிக் காட்டினான்.

கால் வழுக்கியது என்று முதலில் எழுதிக் கொடுத்தேன். வழுக்கவில்லை. அழுத்தினேன். இரண்டு கார்களுக்கு நடுவே கைமுட்டி நுழைகிற இடம்கூட விடாமல் நான் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. பிறகு உட்கார்ந்து யோசித்தபோதுதான் தெரிந்தது, சத்தம் இல்லாத வண்டி தேவையே இல்லை. நான் செடானில் வந்திருந்தாலும் அவன் அப்படியேதான் நின்றிருப்பான். அத்தனை நாள் ஒப்பிட்டுப் பார்த்தது வீண்.

விபத்து என்று முடிந்துவிட இருந்தது. நான்தான் உங்களைத் தேடி வந்தேன். ஏன் வந்தாய் என்று மூன்று பேர் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டீர்கள். வண்டி தானாகப் பாய்ந்தது, மின்சாரக் காரே ஆகாது என்று யார்டில் பேச ஆரம்பித்தார்கள். வெள்ளைக் கார்களையெல்லாம் ஓரங்கட்டித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தப்பும் செய்யாத வண்டி அது. நான் மிதித்ததை அப்படியே கேட்டது.

மங்கைக்கு இதில் பங்கு உண்டா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவள் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை, சொல்ல வைக்கவும் மாட்டேன். இன்று மத்தியானம் அவளை இங்கே அழைத்து வந்தபோது நீங்களே பார்த்தீர்கள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யார் சார் இவரு?" என்றாள். ஏட்டையா என் பெயரைச் சொன்ன பிறகும் அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. உங்களையே நம்ப வைத்துவிட்டாள். அவள் தைரியத்தைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. அப்புறம் அங்கேயே, பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். இரண்டு பெண் போலீஸ் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள். வாசலைத் தாண்டும் வரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவள் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. அவ்வளவு கவனமானவள், சார்.