வாயடைத்த டிரம்பெட்

கொல்லிமலைக்கு மாற்றல் வந்தபோது சேலத்தில் எல்லோரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். எனக்கு என்னவோ இந்த ஊர் பிடித்துப்போனது ஐயா. அரசு சுகாதார நிலையத்து மருந்தகத்தை மதியத்தோடு பூட்டிவிட்டால் ஒருவரும் தொந்தரவு செய்வதில்லை. கணினி முன்னால் உட்கார்ந்து இசை எழுதலாம்.

நான் மருந்தாளுநர். எங்கள் சபையின் பாடகர் குழுவுக்குப் பாட்டு எழுதித் தருவதும் நான்தான். இந்த வருடம் பெரிய வெள்ளிக்கு ஒரு துக்கப்பாட்டு எழுதினேன். அதில் டிரம்பெட் வரவேண்டும், அதுவும் வாயை அடைத்து ஊதிய டிரம்பெட். குழுவில் ஊத ஆள் கிடையாது, கணினியிலிருந்தே ஒலிக்கவிடுவதாக ஏற்பாடு. சுரக்குறிப்பு மென்பொருளில் 'மியூட்' என்று போட்டால் போதும் என்பார்கள். போட்டுக் கேட்டுப் பாருங்கள். சத்தம் குறையும், அவ்வளவுதான். ஜலதோஷம் பிடித்தவன் பேசுவதுபோல் இருக்கும். நிஜ டிரம்பெட்டின் வாயை அடைத்தால் ஊதுகிறவர் இன்னும் தம் பிடித்து ஊத வேண்டும். அந்தச் சிரமம் காதுக்குத் தெரியும். கணினிக்கு என்ன சிரமம்?

அப்போதுதான் கதிரேசன் வந்தார். இந்த மலையிலேயே திருப்புலி நாட்டுக்காரர். சேந்தமங்கலத்தில் ஒரு பேண்டு செட்டில் வெகுகாலம் டிரம்பெட் ஊதியவர், இளைப்பு நோயோடு மலைக்குத் திரும்பியிருந்தார். டாக்டர் மாத்திரை எழுதியிருந்தார்.

"மகளுக்கு வைகாசியில கல்யாணமுங்க அம்மிணி. பொண்ணழைப்புக்கு நானே ஊதோணும். அதுக்குள்ள மூச்சு சரியாயிருமுங்களா?"

ஆகிவிடும் என்றேன். பொய் சொல்லவில்லை, ஆகியிருக்கும்.

சுரம் சுரமாக ஊதித் தாருங்கள், பதிவு செய்து மென்பொருளில் ஏற்றிக்கொள்கிறேன் என்று கேட்டேன். மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம். துணி சுற்றிய டம்ளரை டிரம்பெட்டின் வாயில் செருகிக்கொண்டு ஊதினார். ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் ஒரு சின்ன இழுப்பு, முடியும்போது ஒரு நடுக்கம். நான் அழுதுவிட்டேன் ஐயா. எத்தனையோ வருடமாகத் தேடியது அதைத்தான்.

பாதிச் சுரங்கள் ஆவதற்குள் மாத்திரைக்கு இளைப்பு கேட்க ஆரம்பித்துவிட்டது. "இப்பல்லாம் மேட்டுல நிக்காம ஏறி வாரேனுங்க" என்று சிரித்தார். ஊதச் சொன்னால் இழுப்பும் போயிற்று, நடுக்கமும் போயிற்று. விலைக்கு வாங்கிய ஒலிபோல் வழவழவென்று இருந்தது. பாதிப் பாட்டை ஓர் ஆளும் மீதியை வேறோர் ஆளும் ஊதினால் எந்தக் காது ஒப்பும், நீங்களே சொல்லுங்கள்.

இங்கே மாத்திரையைப் பெயர் சொல்லி யாரும் கேட்பதில்லை, நிறத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள். காலையில் வெள்ளை, ராத்திரி மஞ்சள் என்று சொல்லி, உதிரியாகக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்போம். அவருடைய இளைப்பு மாத்திரை வெள்ளை, சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் வெள்ளைதான். உடம்புக்குக் கெடுதல் செய்யாதது. மீதிச் சுரங்கள் முடியும்வரைக்கும்தானே என்று அதைப் போட்டுக் கொடுத்தேன்.

இளைப்பு திரும்பி வந்தது. பயந்துபோனார்.

"முன்ன மாதிரி கேக்கலீங்களே அம்மிணி. டாக்டரப் பாக்கட்டுங்களா?"

"பனிக்காலத்தில் அப்படித்தான் இருக்கும். நீங்கள் ஊதுங்கள், நுரையீரலுக்கு அதுவே பயிற்சி" என்றேன்.

என்மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று ஊதினார். மிச்சமிருந்த சுரங்கள் மிக நன்றாக வந்தன. சரியான மாத்திரையை அன்றைக்கே எடுத்து வைத்துவிட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மேல் சுரம் ஒன்றை மட்டும் இன்னொரு தடவை எடுத்துவிடலாமே என்று தோன்றியது. அதனால் சுண்ணாம்பு மாத்திரைக் கவரையே மறுபடியும் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த தடவை அவர் வரவில்லை. ஆம்புலன்ஸ் மலை வளைவுகளில் இறங்கி முடிவதற்குள் போய்விட்டார் என்று சொன்னார்கள். இருந்த சுரங்களை வைத்தே பாட்டை முடித்தேன்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு அவர் மனைவி ரஞ்சிதா மருந்தகத்துக்கு வந்தாள். மிஞ்சிய மாத்திரையைக் கவரோடு மேசைமேல் வைத்தாள். "வீணாப் போக வேண்டாமுங்க. வேற யாருக்காச்சும் குடுங்க."

பிற்பாடு டாக்டர் அந்தக் கவரைப் பிரித்துப் பார்த்ததால்தான் காவல் நிலையத்தில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நான் அதை எடுத்து ஒளித்திருக்கலாம். அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. பாட்டை அவளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும், அவள் மனசு ஆறும் என்ற அவசரத்தில் இருந்தேன்.

கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்துப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டாள்.

"இது ஊதுறது இல்லீங்க அம்மிணி. கடைசியா தண்ணி கேட்டாரு, அப்ப இப்படித்தான் இழுத்துச்சு. நிறுத்துங்க."

நான் நிறுத்தவில்லை. பாட்டு முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஒலி தத்ரூபமாக வந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்கு நிம்மதி ஆயிற்று.