கலா தேடும் துகள்

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் ஷூ கம்பெனி அடையாள அட்டை மாட்டிய இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

"அவ தேடறது கெடைக்கவே கூடாதுன்னு வேண்டிக்கினேன்டி."

"யாரு? இன்னா தேடறா?"

"என்கூட எம்.எஸ்சி. படிச்சாளே கலா, அவதான். கரும்பொருள்னு ஒண்ணு வானம் பூரா இருக்குதாம், கண்ணுக்குத் தெரியாது. நட்சத்திரம் வெடிக்கும்போது அந்தக் கரும்பொருள் துகள் உள்ள இருக்கற சூட்டைத் தூக்கினு ஓடிடுமாம். சூடு எவ்ளோ சீக்கிரம் கம்மியாவுதுன்னு பார்த்து இவ அதைத் தேடறா. நேத்து எங்க காலேஜுக்கு வந்து பேசினா."

"நீ எதுக்குப் போன?"

"சும்மா பார்க்கத்தான். நான் கம்பெனில ஷூ தோல்ல கீறல் இருக்குதான்னு பார்த்துக்கினு இருக்கறேன், அவ நட்சத்திரம் பார்க்கறா. வயிறு எரிஞ்சுது. மடக்கலாம்னு எழுந்து, 'சூட்டை வேற ஏதாவது எடுத்துனு போயிருந்தா?'ன்னு கேட்டேன்."

"மடங்கினாளா?"

"சிரிச்சா. 'எங்களுக்கும் அதான் தலைவலி. இவதான் எங்க கிளாஸ்ல ஃபர்ஸ்ட்'னு மைக்ல சொன்னா. எல்லாரும் கைதட்டினாங்க. இன்னும் ஜாஸ்தியா எரிஞ்சுது."

"நல்லவளாத்தானே இருக்கறா."

"அதான் பேஜாரு. அவங்க குழுவுல ஆள் எடுக்கறாங்களாம், அப்ளை பண்ணுன்னு சொல்லிட்டுப் போனா."

பள்ளிகொண்டா தாண்டியதும் மற்றவள் கேட்டாள்:

"பண்ணப் போறியா?"

"பண்ணிட்டேன். அவகிட்ட சொல்லல."

"ஏன்டி?"

"அவ சொல்லித்தான் கெடைச்சுதுன்னு ஆயிடக் கூடாது."