தண்ணீர் தெளிக்காத கை

கிழக்குக் கரைக் குகை ஆய்வகத்தின் முதன்மை அளவையாளர் தோன்யா நெரைதா பொலாங்கோ அவர்களின் பணிநிறைவு நாளில், உடன் உழைத்தோர் உள்ளம் உவந்து வழங்கும் மடல்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் குகைகளுக்குள் குனிந்து நடந்தும், எந்த மேலதிகாரியின் முன்னும் குனியாத பெருந்தகையே! வௌவால்களின் எச்சத்தையும் வல்லுநர்களின் ஏச்சையும் ஒரே தொப்பியில் தாங்கியவரே! பாறைமுகத்தில் சிவப்பாய் ஒரு சிறு கீறல் கண்டாலும், தொடாமலே அதனிடம் நலம் விசாரிப்பவரே! வணங்கி வாழ்த்துகிறோம்.

புகழ்ந்தால் உங்களுக்கு மூக்குக்குமேல் கோபம் வரும் என்பதை அறிவோம். இன்று ஒருநாள் பொறுத்தருள்க! நாற்பத்தொரு குகைகளை அங்குலம் அங்குலமாக அளந்து தந்தீர்கள். வியர்வை வழிய வெளியே வந்ததும், உங்கள் பையிலிருந்த மரவள்ளி ரொட்டியை ஆளுக்கொரு துண்டாக ஒடித்துக் கொடுத்தீர்கள். எங்கள் ஓட்டுநர் ஃபெர்மின் ஒருமுறை குகைச் சுவரில் முதுகைச் சாய்த்தான் என்பதற்காக ஒரு வாரம் நீங்கள் அவனோடு பேசவில்லை. ரொட்டி மட்டும் அந்த வாரமும் அவனுக்குக் கிடைத்தது.

பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் செய்த பிழையை ஒருவரும் கேளாமலே எல்லோருக்கும் சொன்ன நேர்மையை என்னவென்று பாராட்டுவோம்! குகைச் சுவரில் மங்கிக் கிடந்த ஒரு பறவைமுக ஓவியத்தைப் படமெடுப்பதற்காக அன்று பஞ்சில் தண்ணீர் தொட்டு ஒற்றினீர்கள். படம் பளிச்சென்று வந்தது. அடுத்த மழைக்காலத்தில் போய்ப் பார்த்தபோது அந்தப் பறவை முகத்தில் பாதி இல்லை. "அத அழிச்சது மழையில்ல, இந்தக் கைதான்" என்று புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவரிடமும் வலக்கையை நீட்டிக் காட்டினீர்கள். அதைக் கேட்ட எவனும் பிறகு குகைக்குள் தண்ணீர்ப் புட்டியைத் திறந்ததில்லை.

சென்ற ஆண்டு கல்லுடைப்போர் வெடிவைக்க நாள் குறித்துவிட்ட பாசியென்சியா குகையை மறப்போமா! அதன் உட்சுவரில் ஏழு சிவப்பு உருவங்களைக் கண்டிருந்தோம். வெடியைத் தடுப்பதா என்று பார்த்து முடிவு செய்யத் தலைநகரிலிருந்து வந்த அதிகாரி நண்பகல் வெயிலிலிருந்து நேராக உள்ளே நுழைந்தார். "என்னம்மா இது, வெறும் துருக் கறை மாதிரி இருக்கு? இதுக்காகவா என் புதுச் செருப்ப நாசம் பண்ணீங்க?" என்றார்.

எங்களுக்கு உயிரே போய்விட்டது. ஃபெர்மின் உங்கள் காதருகே வந்து, "தோன்யா, ஒரு கை தண்ணி தெளிச்சுடறேன். பளிச்னு தெரியும், மனுசன் இப்பவே கையெழுத்துப் போட்டுடுவாரு" என்றான். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: அன்று நாங்கள் அனைவரும் அவன் கட்சி.

நீங்களோ சுவருக்கு முன்னால் இரு கைகளையும் விரித்து நின்றீர்கள்! "தண்ணி பட்டா சாயம் போயிடும், வயசக் கணக்குப் பாக்கவும் முடியாது. அப்புறம் எதக் காப்பாத்தறதுக்குடா கையெழுத்து?" என்றீர்கள். பிறகு அதிகாரியைப் பார்த்து, "ஐயா, உங்க கண்ணுல இன்னும் வெயில் இருக்கு. இருபது நிமிஷம் இருட்டுல உக்காருங்க" என்றீர்கள். அவர் செருப்பையும் பசியையும் நம் துறையையும் திட்டிக்கொண்டே உட்கார்ந்தார். திட்டு மெல்ல நின்றது. சிறு விளக்கை நீங்கள் தொலைவிலிருந்து உயர்த்தியதும் அவரே எழுந்து, "அடடே, கை கோத்துக்கிட்டு நிக்கறாங்க! ஏழு பேரு!" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். "ஆதி மனுசங்க வரைஞ்சதுதானே?" என்று அவர் ஆவலோடு கேட்டபோது, நீங்கள் தலையாட்டியிருந்தால் போதும். "இருக்கலாம். வௌவால் எரு வெட்ட வந்தவங்க செங்கல்பொடியில கிறுக்கினதாவும் இருக்கலாம். சோதிக்காம சொல்ல மாட்டேன்" என்றீர்களே! ஃபெர்மின் தலையில் அடித்துக்கொண்ட ஓசை குகையெங்கும் எதிரொலித்தது. ஆனால் அந்த அதிகாரி, சோதனை முடியும்வரை வெடி கூடாதென்று அங்கேயே எழுதிக் கொடுத்தார். "தெரியாதுன்னு சொல்ற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஏழு பேரும் இன்று நிற்பது உங்களால்தான். அந்தப் பெருமையில் எங்களையும் பங்காளிகளாக்கினீர்கள். நன்றி, தோன்யா! கோடி நன்றி!

சோதனை முடிவு வரும் மார்ச்சில் வருகிறது. நீங்கள் அப்போது நாற்காலியில் இருக்கமாட்டீர்கள். முழங்கால் வலி நீங்கி, கடற்காற்று வாங்கி, நூறாண்டு நலமோடு நீங்கள் வாழவேண்டும். முடிவு நமக்குச் சாதகமானால், ஊரையே கூட்டி உங்கள் வீட்டுக்கு வருவோம். பாதகமானால், குகை போய்விடும் என்று தெரிந்தும், 'பழமையானது இல்லை' என்று எங்கள் கையாலேயே எழுதி ஒப்பமிடுவோம். அந்தத் தாளோடும் உங்கள் வீட்டுக்குத்தான் வருவோம். அன்று எங்களை அழவிடுங்கள், முடிவைத் திருத்தச் சொல்லமாட்டோம்.

இங்ஙனம்,
ஃபெர்மின் உள்ளிட்ட ஆய்வகப் பணியாளர்கள் பதினொருவர்