சரளை அக்கா பாடி முடித்த ஆல்பம்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் அக்காவின் கணவரான எங்கள் மாமாவே, கூடியிருக்கும் நண்பர்களே, வணக்கம்.

நான் டிரம்ஸ் வாசிப்பவன். மேடையில் பேசிப் பழக்கமில்லை. எங்கள் ராக் குழுவில் பேச வேண்டியதையெல்லாம் பேசியவர், பாட வேண்டியதையெல்லாம் பாடியவர் போய்விட்டார்.

சரளைக்கல் மேல் வண்டி ஏறினாற்போன்ற குரல். அதனால்தான் 'சரளை' என்று கூப்பிட்டோம். பகலில் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர்; மாலையில் எங்கள் பாடகி.

எங்கள் முதல் ஆல்பத்தை டயர் கடைக்கு மேலிருந்த அறையில் பதிவு செய்தோம். சுவரெல்லாம் பழைய மெத்தை. கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடினால் பாட்டை நிறுத்த வேண்டும். அக்கா சன்னலில் எட்டிப் பார்த்து, "அண்ணே, ஒரு பாட்டுக்கு மட்டும் மூச்சை அடக்குங்க" என்பார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே அணைப்பார். அவரும் இங்கே வந்திருக்கிறார்.

பாதிப் பாட்டுகள் முடிந்தபோது தொண்டையில் கட்டி என்றார் மருத்துவர். உடனே அறுவை செய்தால் பிழைக்கலாம், குரல் மிஞ்சாது. ஆல்பமே வேண்டாம் என்றோம். அறையைப் பூட்டிச் சாவியை மாமாவிடம் கொடுத்தோம். எங்கள் முன்னால்தான் மாமா அக்காவிடம் கெஞ்சினார்.

"பாட்டு யாருக்கு வேணும்? எனக்கு நீ வேணும்."

"பாடாத என்னை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"பேசாம உக்காந்திரு. பார்த்துக்கிட்டே இருக்கேன். அது போதும்."

அக்கா அழுது அன்றுதான் பார்த்தோம். ஆனாலும் மறுநாள் மாமாவிடம் கேட்டு வாங்கிய சாவியோடு வந்து நின்றார். அந்தச் சாவியை எந்த மனிதரால் கொடுக்காமல் இருந்திருக்க முடியும்?

இருமலுக்கும் இருமலுக்கும் நடுவே பாடினார். பாடி முடித்தார். அதன் பிறகே அறுவைக்குப் போனார்.

ஆல்பம் வந்தது. யார் வரவேற்றார்கள்? வானொலிக்காரர்கள் தொடவில்லை. "பாடகிக்கு மூச்சுப் பிடிக்கத் தெரியவில்லை" என்று எழுதியது ஒரு பத்திரிகை. வெளியீட்டு நாளில் பாட ஆளில்லாமல் வாத்தியம் மட்டும் வாசித்தோம். "பாட்டு எங்கப்பா?" என்று கேட்டபடி ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். தொண்டையில் கட்டுப் போட்டிருந்த அக்கா மட்டும் எல்லாப் பாட்டுக்கும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

கட்டி திரும்ப வந்தது. எதற்காக இத்தனையும்? கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவர் பாட்டில் வாழ்கிறார் என்று எனக்கு முன் பேசியவர்கள் சொன்னார்கள். பெரியவர்கள் மன்னிக்க வேண்டும், எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் வீட்டில் இல்லை. அவ்வளவுதான்.

இப்போது அவர் பாட்டை ஒலிக்கவிடுவதாக இருந்தது. காலையில் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு வேண்டாம்ப்பா, என்னால கேக்க முடியாது" என்றார். ஆகவே ஒலிக்காது.

குழுவைக் கலைக்கமாட்டோம். தைரியத்தில் சொல்லவில்லை, வேறென்ன செய்வதென்று தெரியாமல் சொல்கிறேன். கேட்க ஆளிருந்தாலும் இல்லாவிட்டாலும் சரளை அக்காவின் பாட்டுகளை வாசிப்போம். மாமா, என்றைக்கு உங்களால் கேட்க முடிகிறதோ அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வருகிறோம். கடைசிவரை சொல்ல முடியாமலே போனாலும் ஏன் என்று நாங்கள் கேட்கமாட்டோம்.