சாரல் பட்ட விடைத்தாள்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஓர் அம்மாவும் மகளும்.

“இனி அருவிக்குப் போனா கம்மலை யாருட்ட கழத்திக் குடுக்க?”

“எங்கிட்ட குடும்மா. அப்பா போயி வருசம் ஒண்ணாச்சு.”

“ஒங்கப்பா ஒரு நாளும் அருவியில குளிச்சதில்ல, தெரியுமா? என் கம்மலை மடியில முடிஞ்சிக்கிட்டு, மாத்துச்சேலையத் தோள்ல போட்டுக்கிட்டு, ஓரமா ஒக்காந்து பரீட்சைப் பேப்பர் திருத்துவாரு.”

“தெரியாமலா? சாரல்ல நனைஞ்ச பேப்பரக் குடுத்தாருன்னா, ‘சாரு நேத்து வீட்டம்மாவக் குளிக்கக் கூட்டிட்டுப் போயிருக்காரு’ன்னு எங்க கிளாஸே சிரிக்கும். நான் தலையக் குனிஞ்சுக்கிடுவேன்.”

அம்மாவும் சிரித்தார். குற்றாலம் வந்தது. மகள் துணிப்பையை எடுக்கக் கை நீட்டினாள். அம்மா விடவில்லை.

“ஏட்டி, ஒன் கம்மலைக் கழத்தித் தா. நீ போயிக் குளி. நான் ஓரமா ஒக்காந்துக்கிடுதேன்.”