தூளிப்பாறைக்கு ஒரு நாள் பிள்ளைகளைத் தாருங்கள்

மாலைக் காற்றும் மல்லிகை மணமும் மாறி மாறி வந்து போகும் இந்த வரவேற்பு விழாவுக்குத் தலைமை தாங்கும் அருட்திரு ஆயர் அவர்களே, பயணம் போய் வந்த பிள்ளைகளிடம் கணக்குக் கேட்கக் காத்திருக்கும் சபைக் குழுவின் பெரியோர்களே, ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளில் பகலெல்லாம் நின்றுவிட்டு இங்கேயும் நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டிருக்கும் அண்ணன் தம்பிகளே, பிள்ளைகளைப் பெற்றுப் பாட்டும் சொல்லிக்கொடுத்து வளர்த்த பெண்கள் சங்கத்துத் தாய்மார்களே, அந்தத் தாய்மார்களின் நடுவே என்னைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அமர்ந்திருக்கும் என் அன்புக்குரிய ஞானசௌந்தரி அம்மா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் ஊற்றுப்பள்ளி ஊரே சேர்ந்து சொல்லி அனுப்பிய வணக்கம்.

என் பெயர் மேகலா. குடியாத்தத்துப் பக்கத்தில், லுங்கி நெய்யும் குடும்பங்கள் நிறைந்த ஊற்றுப்பள்ளிக்கு ஊராட்சி மன்றத் தலைவி. நெற்றியில் குங்குமம் வைத்திருக்கிறேன், கழுத்தில் முருகன் டாலர் தொங்குகிறது. இவளுக்குத் தேவாலய மேடையில் என்ன வேலை என்று பின்வரிசையில் யாரோ கேட்பது எனக்குக் கேட்கிறது. கேளுங்கள் ஐயா, தாராளமாகக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் பேருந்து பிடித்து வந்திருக்கிறேன்.

கோடை விடுமுறையில் உங்கள் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் ஒரு வேனில் புறப்பட்டார்கள். காலையில் பாறை ஏறுவது, மாலையில் பாறை அடிவாரத்து ஊரில் பாட்டுப் பாடி நற்செய்தி சொல்வது. இதுதான் திட்டம். சோளிங்கர் பக்கம் போனார்கள், திமிரி பக்கம் போனார்கள், கடைசியில் எங்கள் பக்கம் வந்தார்கள். வந்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்க அனுமதி கேட்டார்கள். பிள்ளைகள் முகத்தைப் பார்த்தேன், கொடுத்தேன்.

மறுநாள் விடியற்காலை. உறக்கமும் விழிப்பும் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும் நேரம். தறிகள் இன்னும் எழவில்லை. கோலம் போடக் கதவைத் திறக்கிறேன். எதிரே தூளிப்பாறை. குழந்தையைப் போட்ட தூளி நடுவில் மடிந்து தொங்குமே, அப்படி ஒரு மடிப்பு அந்தப் பாறையில் உண்டு, அதனால் அந்தப் பெயர். அதன் முகத்தில், மெல்லிய பனிக்குள், மனிதர்கள் நகர்கிறார்கள். ஒருத்தி கையை நீட்டுகிறாள், காலை வைக்கிறாள், ஒரு மூச்சு நிற்கிறாள், இன்னும் கொஞ்சம் வானத்துக்குப் போகிறாள். கீழே ஒருவர் அவள் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி மெதுவாக ஏதோ பாடுகிறார். அந்தப் பாட்டுக்குத்தான் அவள் ஏறுகிறாளா? அவள் ஏறுவதற்குத்தான் அவர் பாடுகிறாரா? கனவு காண்கிறேன் என்றே நினைத்தேன். கோலப்பொடி என் கையிலேயே இருந்தது, கோலம் போட மறந்துவிட்டேன்.

அந்தப் பெண் ஹரிணி. வேலூரில் நர்சிங் படிப்பவள். கயிறு பிடித்தவர் ஏசுபாதம். உங்கள் ஊர்த் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், இந்தப் பயணத்துக்குத் தலைவர். அதோ மேடை ஓரத்தில் ஒளிகிறார் பாருங்கள். அவர்கள் காலில் போட்டிருந்த காலணிகூட அவர்களே வெட்டி ஒட்டிச் செய்தது. ஆம்பூர்ப் பிள்ளைகள் காலணியைக் கடையில் வாங்குவார்களா என்ன?

ஆனால் அன்பர்களே, அந்த அழகான காலையின் வாலில் ஓர் ஆபத்தும் வந்தது.

எங்கள் ஊர்க் கிணற்றில் உப்பு. போர் போட்டாலும் உப்பு. அந்தத் தண்ணீரில் சாயம் ஒட்டாது, பருப்பு வேகாது. அது எந்தத் தோல் தொழிற்சாலைக் கழிவால் உப்பாயிற்று என்று பேச நான் இந்த ஊருக்கு வரவில்லை. பயப்படாதீர்கள் ஐயா, சிரிக்கலாம். தூளிப்பாறையின் அடியில் ஒரு சுனை இருக்கிறது. தித்திக்கும் தண்ணீர். ஊர் குடிப்பது அது, உலை வைப்பது அது, நூல் நனைப்பது அது. பாறை போனால் சுனை போகும். சுனை போனால் ஊரே மூட்டை கட்ட வேண்டும். அந்தப் பாறையைக் குவாரிக்கு எடுக்க ஒரு காண்ட்ராக்டர் வந்தார். நாங்கள் போராடி, யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்று கோர்ட்டில் தடை வாங்கினோம். பக்கத்து ஊருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே முதலில் பாறையில் வெள்ளைச் சுண்ணாம்பால் அடையாளம் வைத்தார்கள். பிறகு வெடி வைத்தார்கள். இப்போது அங்கே பாறை இருந்த இடத்தில் பள்ளம்தான் இருக்கிறது.

பாறை ஏறுகிறவர்கள் கை வியர்த்து வழுக்காமல் இருக்க வெள்ளை மாவு பூசிக்கொள்வார்களாம். அது எங்களுக்குத் தெரியுமா? வெயில் ஏறியது. பனி விலகியது. பாறை முகமெங்கும் வெள்ளை வெள்ளையாய் அடையாளம். தண்ணீருக்குப் போன பட்டம்மாள், பாறைக்குப் பக்கத்து வீட்டுக்காரி, குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"தலைவரம்மா, கல்லுக்குச் சுண்ணாம்பு வெச்சுட்டானுங்க. நம்ம கல்லும் போச்சு."

ஊற்றுப்பள்ளியில் தறிச் சத்தம் நின்றது. அந்த அமைதி இருக்கிறதே, அதை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். எழவு விழுந்த நாளில்கூட எங்கள் ஊரில் எங்காவது ஒரு தறி ஓடும். அன்று ஒன்றும் ஓடவில்லை. அத்தனை பேரும் பள்ளிக்கூடத்துக்கு வந்து வேனைச் சூழ்ந்துகொண்டார்கள். காண்ட்ராக்டர்தான் சாமி பாட்டுப் பாடுகிறவர்கள் வேஷத்தில் ஆள் அனுப்பிவிட்டான் என்று பேச்சு. உங்கள் வேன் ஓட்டுநர் தௌசீப் அகமது சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மேடம், பேஜாரா பூட்ச்சு. நான் சும்மா டிரைவருங்க. எனக்கு ஏணி ஏறினாலே தலை சுத்தும்."

ஏசுபாதம் கூட்டத்தின் நடுவே வந்தார். வாதாடவில்லை. வெள்ளை படிந்த இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். "எங்க கைதாங்க அது. வெறும் மாவு. தப்பு எங்களுதுதான். ஊரக் கேக்காம ஏறிட்டோம்" என்றார். எங்கள் ஊர்ப் பெரியவர் காசிநாதன் அந்தக் கைகளைத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"கையால வெச்சீங்க இல்ல, கையாலயே தொடச்சுட்டுப் போங்க" என்றார்.

அன்று மாலை அவர்களுக்கு அடுத்த ஊரில் கூட்டம். மைக் செட் பேசியாகிவிட்டது. ஏசுபாதம் போனை எடுத்து, வர முடியாது என்று சொல்லிவிட்டார். பெரியோர்களே, உங்கள் அறிக்கையில் "நடைபெறவில்லை" என்று வரப்போகும் கூட்டம் அதுதான். அது ஏன் நடைபெறவில்லை என்பதை அறிக்கை சொல்லாது, நான் சொல்கிறேன்.

அவர்கள் பாறையைக் கழுவினார்கள். தறியில் மிஞ்சிய லுங்கித் துண்டுகளை எங்கள் வீடுகளிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். சுனையில் மொண்ட தண்ணீரைப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுக்க, வாளிகள் கயிற்றில் ஏறின. மேலே நீலக் கட்டம், பச்சைக் கட்டம், சிவப்புக் கட்டம் போட்ட துணிகளோடு பிள்ளைகள் காற்றில் அசைந்தார்கள். பாறையில் தண்ணீர் வழிந்து வெயிலில் மின்னியது. சண்டைக்கு வந்த ஊர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. அந்தப் பகல் முழுக்க யாரும் உரக்கப் பேசவில்லை. ஊரே கண் திறந்தபடி உறங்கியது போல இருந்தது. இன்றும் கண்ணை மூடினால் அந்தப் பகல் எனக்குள் மெதுவாக ஆடுகிறது.

அப்போதுதான் ஹரிணி அந்த மடிப்புக்குள் போனாள். ஒல்லியான ஆள் ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய இடுக்கு அது. போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு அவள் குரல் மட்டும் வந்தது.

"அக்கா, இது எங்க மாவு இல்ல. தொடச்சாலும் போவல."

என்ன இருந்தது அங்கே? பாறையில் வெடி வைக்கப் புதிதாய்ப் போட்ட துளைகள். பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் எண்கள். தடை இருக்கும்போதே, மறுபக்கத்துக் காட்டு வழியாக வந்து, மேலிருந்து ஆளை இறக்கி, ஊர் கண்ணில் படாத இடமாகப் பார்த்துத் துளை போட்டிருக்கிறார்கள். கீழிருந்து பார்த்தால் தெரியாது. மேலிருந்து பார்த்தாலும் தெரியாது. தவறாக மாவு பூசிய பிள்ளைகள் மட்டும் அதைத் துடைக்கப் போகாமல் இருந்திருந்தால், வெடிச் சத்தம் கேட்டுத்தான் நாங்கள் விழித்திருப்போம்.

என்ன தம்பி, டிரோனா? விட்டுப் பார்த்தோம் தம்பி. மடிப்புக்குள் நுழையவில்லை, முட்டிக்கொண்டு விழுந்ததுதான் மிச்சம். ஹரிணி போனில் எடுத்த படத்தைக் காட்டினோம். இது எந்தப் பாறையோ யார் கண்டார்கள் என்கிறது காண்ட்ராக்டர் தரப்பு. வரும் வெள்ளிக்கிழமை கோர்ட் அனுப்பும் ஆள் நேரில் பார்வையிட வருகிறார். அவர் கண்ணெதிரே ஒருவர் அந்த மடிப்புக்குள் போய், கேமராவை ஓடவிட்டு, துளையை அளந்து காட்ட வேண்டும். காட்டினால் பாறை நிற்கும். காட்டாவிட்டால் தடை நிற்காது என்று எங்கள் வக்கீலே சொல்கிறார்.

அந்த இடுக்கின் வழி தெரிந்தவள் ஒரே ஒருத்தி. அவளைப் பெற்றவர் ஞானசௌந்தரி அம்மா.

அம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் சொன்னதை மறைக்காமல் சொல்கிறேன். "எனக்கு ஒரே பொண்ணுங்க. வீட்டுக்காரர் போனப்புறம் மெஷின்ல ஷூ மேல்தோல் தெச்சுத் தெச்சு வளத்த பொண்ணு. ஒங்க ஊரு கல்லுக்கு எம் பொண்ண நான் இன்னாத்துக்குக் குடுக்கணும்?"

நியாயமான கேள்வி. நேர்மையான கேள்வி. ராத்திரியும் பகலும் யோசித்தேன் அம்மா. என் மகளாக இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

குழுவின் பெரியோர்களும் ஒரு கேள்வி கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இந்தப் பயணத்தால் என்ன பலன்? ஊற்றுப்பள்ளியில் எத்தனை பேர் மனம் மாறினார்கள்? நற்செய்தி சொல்லப் போனவர்களுக்குக் குவாரி வழக்கு எதற்கு? ஐயா, உள்ளதைச் சொல்கிறேன். ஒருவரும் மாறவில்லை. நான் வரும் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கத்தான் போகிறேன்.

ஆனால் இதையும் கேளுங்கள். பாறை கழுவி முடித்த மாலையில், கை தோல் உரிந்து உட்கார்ந்திருந்த ஹரிணிக்குப் பட்டம்மாள் மோர் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏம்மா, ஒங்க சாமியப் பத்திச் சொல்லணும்னு வந்தீங்களாமே. ஒண்ணுமே சொல்லலியே?"

"எங்க நேரம் கெடச்சுது, வந்ததுலருந்து தொடச்சுக்கிட்டேதான இருக்கோம்" என்று சிரித்தாள் ஹரிணி.

"துளையப் பாத்தியே, பாத்துட்டுப் பேசாம போயிருக்கலாம் இல்ல? ஒனக்கு இன்னா வந்துச்சு?"

"ஒங்க தண்ணியக் குடிச்சேனே" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. பட்டம்மாள் அன்றிலிருந்து ஊரில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அந்தப் பெண்ணை இப்படி வளர்த்தது யார் என்று. யார் வளர்த்தது? இந்தச் சபை வளர்த்தது. அந்தத் தாய் வளர்த்தது. ஓர் ஊர் உங்கள் பிள்ளையைப் பார்த்து, இவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று தேடுகிறதே, அது பலன் இல்லையென்றால் பலன் என்பதுதான் எது? பாடிய கூட்டமா? பேசிய மைக்கா? எழுதப்போகும் அறிக்கையா?

நான் பிள்ளையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போக வரவில்லை. கொடுக்க மாட்டேன் என்று அம்மா சொன்னால், கும்பிட்டுவிட்டு அடுத்த பேருந்தில் போய்விடுவேன். எங்கள் ஊரில் ஒருவரும் உங்களைப் பற்றி ஒரு சொல் பேச மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. கொடுத்தால், கயிற்றுக்கு ஏசுபாதம் பொறுப்பு. காண்ட்ராக்டர் ஆட்கள் அன்று வருவார்கள், முறைப்பார்கள். அவர்களுக்கும் ஹரிணிக்கும் நடுவில் ஊற்றுப்பள்ளி மொத்தமும் நிற்கும். இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பயமாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

என்ன அங்கே சலசலப்பு? கொஞ்சம் அமைதி, தாய்மார்களே. யார் எழுந்திருப்பது? அம்மா, நீங்களா? அவருக்கு வழி விடுங்கள். மைக் வேண்டாமா? சரி, நீங்கள் சொல்லுங்கள், நானே இங்கிருந்து திருப்பிச் சொல்கிறேன்.

"அவ ஏறட்டும்" என்கிறார் ஞானசௌந்தரி அம்மா.

இருங்கள், கை தட்டாதீர்கள், அம்மா இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா கயித்த வேற யாரும் புடிக்கக் கூடாது. ஏசுபாதம் தம்பி நாளைக்கே எனக்குச் சொல்லிக் குடுக்கட்டும். வெள்ளிக்கிழம எம் பொண்ணு கயித்த நான் புடிக்கிறேன்" என்கிறார்.

ஏசுபாதம் தலையாட்டுகிறார். தானும் பின்னாலிருந்து சேர்ந்து பிடிப்பாராம்.

கூப்பிட்டு மேடை தந்த ஆயர் ஐயாவுக்கும், பொறுமையாய்க் கேட்ட சபைக்கும், கால் வலிக்க நின்ற சகோதரர்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. உங்கள் முறைப்படி ஸ்தோத்திரம், எங்கள் முறைப்படி வணக்கம். ஞானசௌந்தரி அம்மா, அங்கேயே இருங்கள், நான் இறங்கி உங்களிடம் வருகிறேன்.