வீட்டுல செஞ்சது

வெறும் தண்ணி ஆவின்னு அவுகளே சொன்னாகளா? சரி. நீங்களும் கேட்டுக்கிட்டு வந்துட்டீக. இல்லை தம்பி, உங்க மேல எனக்கு என்ன கோவம். இப்படி நிழல்ல உக்காருங்க. காரைக்குடி வண்டி வர இன்னும் நேரம் கெடக்கு. டீ வேண்டாமா? அப்ப ஒரு மோராச்சும் குடிங்க, வெயில்ல வந்திருக்கீக.

பொண்ணுக்குத் தாய்மாமன்னு சொன்னீக. கோயமுத்தூர்லேருந்து மாப்பிள்ளையைப் பத்தி விசாரிக்க வந்திருக்கீக. டீக்கடை உதயகுமார்கிட்டக் கேட்டதும், அந்த வீட்டுக்குப் போக வர இருக்கிறவர் இவருதேன்னு என்னையக் கைகாட்டி விட்டுட்டான். கெட்டிக்காரப் பய. தன் வாயால ஒரு வார்த்தை சொல்லமாட்டான். அந்த வீட்டுக்குத் தினம் பால் ஊத்துறான்ல.

பையன் நல்ல பையன். மொதல்ல அதைச் சொல்லிடுறேன். கார்த்திகேய சிவம்னு பேரு, வீட்டுல கார்த்தி. குடி கெடையாது, அதிர்ந்து பேசமாட்டான். பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை, இப்ப கானாடுகாத்தான்ல வீட்டுல இருந்துக்கிட்டே பாக்குறான். அழகுசுந்தரம் வீட்டுல ஆம்பளைப் பிள்ளை இல்லைன்னு, சின்ன வயசுலயே பங்காளி வீட்டுலேருந்து சுவீகாரமாக் கூட்டிக்கிட்ட பிள்ளை. அதையும் சொன்னாகளா? சொல்லித்தானே ஆகணும், கூட்டுன பிள்ளைன்னா நாலு பேருக்குத் தெரிஞ்சது. பெத்தவ இப்ப உசுரோட இல்லை. ஆனா அழகுசுந்தரம் சம்சாரம் மீனாள் ஆச்சி வளத்தாகளே, அந்த மாதிரி பெத்தவ கூட வளத்திருக்கமாட்டா. நான் மனசறியச் சொல்றேன். அதுதேன் இப்ப வெனையாப் போச்சு.

வாறேன், வாறேன், நீங்க கேட்டதுக்குத்தேன் வாறேன். அந்தப் பேனா மாதிரி ஒண்ணை, இ-சிகரெட்டுங்கிறாகளே, அதை வாயில வச்சு இழுக்கிறானே, அதைப் பாத்துட்டுத்தானே உங்களுக்கு மனசுல உறுத்துது. பெங்களூர்ல சிகரெட் பிடிச்சான். அதை விடுறதுக்குன்னு இதைப் பிடிச்சான். சிகரெட் போயிருச்சு, இது வீட்டோட தங்கிருச்சு.

தண்ணி ஆவியா இருந்தா ஒரு டம்ளர் தண்ணியை ஊத்தி இழுத்துக்கிற வேண்டியதுதானே. தடை பண்ணின சாமானை எதுக்குத் திருட்டுத்தனமா வாங்கணும். அதுல கிளிசரின் இருக்கு, இன்னொரு மருந்துச் சாமான் இருக்கு, அது பேரு என் வாயில நுழையாது, அப்புறம் எசன்ஸ். ஆமா, கிளிசரின் இருமல் டானிக்குல கூட இருக்கு. எசன்ஸ் கேக்குல போடுறதுதேன். அதையேதேன் அவுகளும் சொல்றாக, திங்கிற சாமான் என்ன பண்ணிரும்னு. மிளகாய் திங்கிறோம்ல தம்பி? நம்ம பக்கத்துக்காரங்களை விடத் திங்கிறவுக யாரு. அதையே சட்டியில போட்டு வறுத்தா மூணாவது வீட்டுக்காரன் வரைக்கும் இருமுறான். வயிறு வேற, நெஞ்சு வேறங்க. ஒரு வாய் தண்ணி, நல்ல தண்ணிதேன், புரையேறுனா கண்ணு பிதுங்கிருதுல்ல.

நிக்கோடின் இல்லாதது வாங்குறானாமா? இல்லைன்னு டப்பாவுல போட்டிருக்கும். தடை பண்ணின சாமானை யாரு சோதிச்சுப் பாத்துச் சீல் குத்துனது. சரி, இல்லைன்னே வச்சுக்குவோம். மிச்சம் இருக்கிறதெல்லாம் கம்பிச் சூட்டுல கொதிச்சு உள்ள போகுதே, அது என்னவா மாறிப் போகுதுன்னு நீங்க சொல்லுங்க.

எனக்கு எப்படித் தெரியும்னா, மதுரைக்குப் போயி நெஞ்சு டாக்டரைப் பாத்தேன். கார்த்தியைப் பாக்கிற அதே டாக்டர்தேன். சும்மா பேச வந்தேன்னா உள்ள விடமாட்டாகன்னு, எனக்கு இருமல்னு சொல்லி டோக்கன் போட்டேன். அவரு முதுகுல கருவியை வச்சு, இழுத்து மூச்சு விடுங்க, இழுத்து மூச்சு விடுங்கன்னு நாலு எடத்துல பாத்துட்டு, இந்த வயசுக்கு உங்க நெஞ்சு கல்லு மாதிரி இருக்குங்கிறாரு. அப்புறம்தேன் விசயத்தைச் சொன்னேன். நல்ல மனுசன், வெரட்டல. வாய்க்குச் சோதிச்சது நெஞ்சுக்குச் சோதிச்சதா ஆகாதுங்கன்னாரு. அந்த வெண்ணெய் வாசம் வர்ற எசன்ஸ் இருக்கே, அது கலக்குற பேக்டரியில, காத்துல இழுத்தே மூச்சுக்குழாய் சுருங்கிப் போனவுக இருக்காகளாம். அவுக தின்னு கெடலை, சுவாசிச்சே கெட்டாகங்கிறாரு.

ஆஸ்துமாவுக்கு இழுக்கிறாகளே, அது எப்படின்னா? அது மூச்சுக்குன்னே செஞ்சு, மூச்சுக்குன்னே சோதிச்சது. ரெண்டையும் ஒண்ணாப் பேசக் கூடாது.

இதோட நின்னிருந்தாக் கூட நான் இவ்வளவு பேசமாட்டேன் தம்பி. பெங்களூர்லேருந்து வந்தப்பறம் அதுல ஊத்துற தண்ணி கிடைக்கிறது கஷ்டமாயிருச்சு. மீனாள் ஆச்சி என்ன செஞ்சாக தெரியுமா? கடைச் சரக்கு கெமிக்கல்டா, உனக்கு நான் சுத்தமாச் செஞ்சு தாறேன்னுட்டாக. அந்த வீட்டுல மசாலாப்பொடி வெளிய வாங்குனது கெடையாது, ஊறுகா வாங்குனது கெடையாது. இதை மட்டும் வாங்குவாகளா. மருந்துக்கடையில கிளிசரின் வாங்கி, ஏலக்காத் தைலம் கொஞ்சம், கிராம்புத் தைலம் கொஞ்சம், நெஞ்சுக்கு எதமா இருக்கும்னு செக்குல ஆட்டுன தேங்கா எண்ணெய் நாலு சொட்டு. வடிகட்டிச் சின்னக் குப்பியில ஊத்தி, சாமி மாடத்துக்குப் பக்கத்துல வச்சிருக்காக. அவன் இழுத்து விட்டான்னா வீடே பாயசம் காச்சுன மாதிரி மணக்குது. நீங்க போனப்ப மணத்துச்சா? ஏலக்காத்தானே? ஆங். அதுதேன்.

சிரிக்காதீக தம்பி. ஆச்சிக்குச் சூதுவாது தெரியாது. இயற்கையானது எதுவும் கெடுக்காதுன்னு நெனைக்கிறாக. அந்த எண்ணெயைச் சொன்னப்பத்தேன் டாக்டர் பேனாவை மூடி வச்சிட்டு என்னையப் பாத்தாரு. வயித்துக்குப் போன எண்ணெய் செரிச்சிரும், நெஞ்சுக்குள்ள போன எண்ணெய்க்கு வெளிய வழி இல்லைங்க, அங்கயே படிஞ்சு புண்ணாகும்னாரு. ஸ்கேன்ல கார்த்திக்கு ரெண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாத் திட்டு. அவன் சொல்லித்தேன் எனக்குத் தெரியும். சளின்னு நெனைச்சாக, டிபி இருக்குமோன்னு பாத்தாக, அது இல்லை. தூசி ஒத்துக்கலைன்னு இப்ப மாத்திரை ஓடுது. பழைய வீடுல்ல, தூசி மேல பழியைப் போட வசதியாப் போச்சு. டாக்டர் மேலயும் தப்பில்லை. புகை பிடிப்பீகளான்னு கேட்டிருக்காரு. இல்லைன்னுட்டான். ஏன்டா அப்படிச் சொன்னன்னா, இது புகை இல்லை பெரியப்பச்சி, ஆவிங்கிறான். பெரியப்பாவை எங்க பக்கம் அப்படித்தேன் கூப்பிடுறது. பொய் சொல்றோம்னு அவனுக்கே தெரியல.

நான் சொன்னதை வச்சுப் பாக்கக் கூடாதான்னு டாக்டர்கிட்டக் கெஞ்சினேன். அந்தப் பையனோ இல்லை வீட்டு ஆளுகளோ வந்து சொல்லணும், சீக்கிரம் கூட்டிட்டு வாங்கன்னாரு. நிறுத்துனாப் பொழைச்சுக்குவானான்னேன். நிறுத்துனா மேல போகாம நிக்கலாம், போனது திரும்புமான்னு பாக்காமச் சொல்ல முடியாதுன்னாரு.

நல்லா இருக்கிற மாதிரித் தெரிஞ்சானா? உக்காந்திருந்திருப்பான். நடக்கவிட்டுப் பாத்தீகளா? முகப்புலேருந்து ரெண்டாங்கட்டுக்குப் போறதுக்குள்ள ஒரு தூணைப் பிடிச்சு நிக்கிறான். போனைப் பாக்கிற மாதிரி நிப்பான். முப்பது வயசு ஆகல.

ஆச்சிகிட்டச் சொல்லாமலா இருப்பேன். சொன்னேன். எம்பிள்ளைக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும், நீங்க இதுல தலையிடாதீகன்னுட்டாக. அதுக்கு மேல பேச எனக்கு அந்த வீட்டுல வாய் கெடையாது. அழகுசுந்தரம் கேட்டுக்கிட்டு இருந்தாரு, எந்திரிச்சுப் போயிட்டாரு. கார்த்தி என்னைய வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டான். அம்மா ஆசையாச் செய்யுது, வேணாம்னு எப்படிச் சொல்றது பெரியப்பச்சின்னான்.

அதுனாலதேன் உங்ககிட்டச் சொல்றேன். பொண்ணு வீட்டுக்காரவுக சொன்னா அந்த வீட்டுல கேப்பாக. வேற யாரு சொன்னாலும் பொறாமைம்பாக. பொண்ணு குடுங்கன்னு நான் சொல்லல. குடுக்காதீக. ஆனா இதுக்காகத்தேன் குடுக்கலைன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டுப் போங்க. குப்பியைத் தூக்கிப் போட்டுட்டு டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லுங்கன்னு சொல்லுங்க. ஒரே ஒரு போன் போதும்.

இல்லை, புரியுது. எதுக்குப் பொல்லாப்புன்னு பாக்குறீக. நாளைப்பின்ன ஒரு கல்யாணத்துல முகம் பாக்கணும்ல. ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லிக்கிறீகளா. அது நாகரிகந்தேன். இதுக்கு முன்னாடி தேவகோட்டையிலேருந்து வந்தவுகளும் அதைத்தேன் சொன்னாக. திருப்பத்தூர்க்காரவுகளும் அதைத்தேன் சொன்னாக. அவுககிட்டயும் நான் இதே எடத்துல உக்காந்து பேசுனேன். ஆச்சி ஜாதகத்துக்குப் பரிகாரம் பண்ணிட்டு வந்தாக. வந்து இன்னொரு குப்பி காச்சுனாக.

நீங்களும் சொல்லிட்டா, ஜாதகமே தப்புன்னு முடிவு பண்ணிருவாக. போன வாரமே ஆச்சி எனக்குப் போன் போட்டு, பொறந்த நேரத்தைச் சரியாப் பாத்துத்தேன் குறிச்சீகளான்னு கேட்டாக. சரியாத்தேன் பாத்தேன். ஆசுபத்திரி வராந்தாவுல, கதவுக்கு நேரா நின்னுக்கிட்டு இருந்தேன். அழுகைச் சத்தம் கேட்டதும் கைக்கடியாரத்தைப் பாத்து நாந்தேன் குறிச்சேன். வேற யாரு குறிக்கப் போறா, பெத்தவன்தானே. என்னா கத்துக் கத்துனான். ரோட்டுல டீக்கடை வரைக்கும் கேட்டுச்சு.

உங்க வண்டி வருது பாருங்க. கையைக் காட்டுங்க, இல்லைன்னா நிக்கமாட்டான்.